யார் திருத்தினால் குற்றம்?
டீசல் எஞ்சினின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

கார் வைத்திருப்பவன் கவலை அவனோடு, நமக்கென்ன வந்தது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அதிகாரம் எங்கெல்லாம் ஒளிந்து இயங்குகிறது என்று தேடுகிறவர்கள் எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்காமல் போய்விட முடியாது என்றே நினைக்கிறேன். அரசு, சட்டம், மூலதனம், நிபுணர், வண்டிக்குச் சொந்தக்காரர், தெருவோரத்தில் மூச்சு விடுகிறவர் - இத்தனை பேரும் வந்து மோதிக்கொள்ளும் இடமாக டீசல் காரின் புகைக்குழாய் கடந்த அரை நூற்றாண்டில் ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் நடந்த அந்த வரலாற்றில் ஒரேயொரு கேள்வியை மட்டும் பின்தொடர்கிறேன். எஞ்சினின் நிரலைத் திருத்துவது எப்போது தொழில்நுட்பம் ஆகிறது, எப்போது குற்றம் ஆகிறது? அதை முடிவு செய்பவர் யார்?

2

முதலில் எஞ்சின். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. சூடு கூடினால் நன்றாக எரியும். சக்தியும் மைலேஜும் கிடைக்கும். ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். சூட்டைக் குறைத்தால் அவை குறையும், கரி கூடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று தலைதூக்கும். இந்த இழுபறியைச் சமாளிக்கத்தான் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வும், கரியைப் பிடித்து வைத்து அவ்வப்போது எரித்துவிடும் வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் அமைப்பும் வந்தன. எல்லாவற்றையும் மேய்ப்பது ஈ.சி.யூ. என்கிற சிறு கணினி. எப்போது, எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன.

'டியூனிங்' என்பது இந்த அட்டவணைகளைத் திருத்துவதே. கூடுதல் டீசல், கூடுதல் காற்று, கூடுதல் வேகம். பலன் உடனே தெரியும். விலை மெதுவாகத்தான் தெரியும். டீசலைக் கூட்டிய அளவுக்குக் காற்று ஈடுகொடுக்காவிட்டால் கரி கூடும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இ.ஜி.ஆர். வால்விலும் கரி ஏறும். எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாரண்டியில் சரிசெய்யலாம் என்று டீலரிடம் போனால், 'நிரலில் யாரோ கைவச்சிருக்காங்க சார்' என்ற பதில் வரும். வெளியே வந்தால் டியூனிங் கடைக்காரர் எளிய வழி சொல்வார்: 'வடிகட்டியையே கழட்டிடலாம், விளக்கு எரியாத மாதிரி பண்ணிடலாம்'. 'டெலிட்' என்று இதற்குப் பெயர்.

3

இந்தச் சொந்தக்காரரைச் சட்டம் எப்படிக் கட்டமைத்தது என்று பார்ப்போம். 1970இன் தூய காற்றுச் சட்டம் புகைக் கருவிகளில் கைவைக்கக் கூடாதென்று முதலில் தடுத்தது தயாரிப்பாளரையும் டீலரையும்தான். 1977 திருத்தத்தில் பழுதுபார்க்கும் கடைகள் சேர்ந்தன. 1990இல் 'எவரும்' என்று ஆயிற்று. தன் வண்டியில் தானே கைவைக்கும் சொந்தக்காரரும் அதில் அடக்கம். அதே 1990 திருத்தம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஈ.சி.யூ. போன்ற முக்கியப் பாகங்களுக்கு எட்டு ஆண்டு அல்லது 80,000 மைல் வாரண்டியைக் கட்டாயமாக்கியது. ஆக, ஒரே சட்டம் ஒரு கையால் உரிமையும் மறு கையால் விலங்கும் கொடுத்தது.

வாரண்டிக்கென்றே 1975இல் மாக்னுசன்-மாஸ் சட்டம் வந்தது. தங்கள் பெயர் பொறித்த பாகங்களைத்தான் போட வேண்டும் என்று கம்பெனி நிபந்தனை வைக்க முடியாது. வெளிப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. தாளில் நன்றாகவே இருக்கிறது. நடைமுறையில்? டீலர் தன் சோதனைக் கருவியை வண்டியோடு இணைக்கிறார். நிரல் மாறியிருப்பது தெரிந்தால் ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் 'டி.டி.1' என்று ஒரு குறி விழும். அதன் பிறகு எஞ்சின் தொடர்பான வாரண்டிக் கோரிக்கை எளிதில் நகராது. நிரூபிக்க வேண்டியவரும் நிரூபணத்தைக் கையில் வைத்திருப்பவரும் ஒரே ஆள். கண்காணிப்பு என்று நாம் பேசிக்கொண்டிருப்பது சிறைச்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமானதல்ல.

4

மறுபக்கத்தைப் பார்ப்போம். அட்டவணைகளைத் திருத்தும் வேலையில் யாருக்கு அதிகப் பழக்கம்?

1973இல் தயாரான சில கார்களில் சூழலின் வெப்பநிலைக்கேற்பப் புகைக் கருவியை நிறுத்திவைக்கும் சுவிட்சுகள் இருந்ததற்காக ஃபோக்ஸ்வாகன் 1974இல் 1,20,000 டாலர் கட்டிச் சமாதானம் செய்துகொண்டது. 1998 அக்டோபரில் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நேவிஸ்டார், ரெனோ, வோல்வோ ஆகிய ஏழு கம்பெனிகள் மாட்டின. சுமார் 13 லட்சம் கனரக டீசல் எஞ்சின்கள். சோதனையில் ஒழுங்காக ஓடும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது டீசலை மிச்சம் பிடிக்க, பீய்ச்சும் நேரத்தை நிரல் மாற்றிவிடும். அபராதம் 8.34 கோடி டாலர்.

பிறகு எல்லோரும் அறிந்த 2015. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் தலைமையில் ஒரு சிறு குழு, அளவுக்கருவிகளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு சாலையில் ஓட்டி அளந்தது. மார்க் பெஷ்ஷும் இந்தியாவிலிருந்து போன அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோரும் அதில் இருந்தார்கள். சோதனைக்கூடத்தில் யோக்கியமாக நடந்துகொண்ட ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, சாலையில் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளை விட்டது. முடிவுகள் 2014இல் வெளியாயின. கம்பெனி ஓராண்டுக்கு மேல் மழுப்பியது. 2015 செப்டம்பர் 18 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. உலகெங்கும் 1.1 கோடி வண்டிகளில் அந்த நிரல் இருந்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

இங்கே சொல் கவனத்துக்குரியது. சொந்தக்காரர் செய்தால் அது 'டாம்பரிங்', கைவைத்தல். கம்பெனிக்குள் அதே வேலைக்குப் பெயர் 'காலிபரேஷன்', அளவு திருத்தம். ஒரே செயல், இரண்டு சொல்லாடல்கள்.

5

இந்த வரலாற்றின் உச்சமான முரண் அதே 2015 கோடையில் நடந்தது. 1998இன் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டப்படி ஈ.சி.யூ.வின் பூட்டை உடைத்து நிரலைப் படிப்பதே சிக்கலான விஷயம். அது ஒரு பிரதி. அதற்கு ஆசிரியர் உண்டு, வாசகருக்கு அனுமதி இல்லை. பழுதுபார்க்கவும் ஆராயவும் விலக்கு வேண்டும் என்று பலர் மனுக் கொடுத்தார்கள். கார்க் கம்பெனிகள் எதிர்த்தன, அது இயல்பு. ஆனால் ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் எதிர்த்துக் கடிதம் எழுதியது: பூட்டைத் திறந்தால் சொந்தக்காரர்கள் சக்திக்காக நிரலைத் திருத்தி, காற்றைக் கெடுத்துவிடுவார்களாம். இரண்டே மாதத்தில் தெரிந்தது, பூட்டின் உள்ளேயே திருடன் இருந்தான் என்பது. அக்டோபரில் விலக்கு கிடைத்தது. நடைமுறைக்கு வர மேலும் ஓராண்டு.

அந்த டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹேக்கர்கள் கூடிய மாநாடு ஒன்றில், ஃபெலிக்ஸ் டோம்கே என்பவர் தன் சொந்த ஃபோக்ஸ்வாகனின் ஈ.சி.யூ. நிரலைப் பிரித்துப் படித்துக் காட்டினார். வண்டி சோதனை ஓட்டத்தின் வழியிலேயே போகிறதா என்று நேரத்தையும் தூரத்தையும் வைத்து நிரல் கணக்குப் போடுகிறது. இல்லையென்றால் யூரியாவைக் குறைத்துவிடுகிறது. காற்றைக் காப்பாற்றப் பூட்டு வேண்டும் என்றார்கள். காற்று எப்படிக் கெட்டது என்பது பூட்டைத் திறந்தவரால்தான் விளங்கியது.

6

அப்படியானால் டியூனிங் செய்கிறவன்தான் நம்ம கலகக்காரன் என்று கொண்டாடிவிடலாமா? விளிம்பில் நிற்கிற எவனையும் கலகக்காரனாக வாசிக்கும் பழக்கம் நமக்குண்டு. இங்கே அது செல்லாது. அதே முகமையின் 2020 நவம்பர் அறிக்கைப்படி, முந்தைய பத்தாண்டில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்அப் வண்டிகளில் சொந்தக்காரர்களும் கடைக்காரர்களும் புகைக் கருவிகளை 'டெலிட்' செய்திருந்தார்கள். இதனால் அந்த வண்டிகளின் ஆயுளில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5.7 லட்சம் டன் என்றது அறிக்கை. அது ஏறுவது எந்த நுரையீரலில்? வண்டி ஓட்டாதவர், சாலையோரத்தில் வீடு வாய்த்தவர், இன்ஹேலரோடு பள்ளிக்கூடம் போகும் குழந்தை. வாரண்டி பற்றிய இந்தச் சச்சரவு முழுவதிலும் கையெழுத்துப் போடாத மூன்றாம் தரப்பு அவர்கள்தான். அவர்கள் காற்றுக்கு யாரும் வாரண்டி எழுதித் தந்ததில்லை.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. குற்றச்சாட்டு: 2013 முதல் 2019 வரையிலான மாடல்களில் சுமார் 6.3 லட்சம் ராம் பிக்அப் வண்டிகளின் எஞ்சின்களில் சோதனையை ஏமாற்றும் ஏற்பாடு. 1998இல் மாட்டிய ஏழில் ஒன்று அதே கம்மின்ஸ். கம்பெனி குற்றத்தை ஏற்கவில்லை, தொகையை மட்டும் ஏற்றது. பத்தாண்டில் ஆயிரக்கணக்கான கைகள் செய்த வேலையைவிட ஒரு கம்பெனி மீது சொல்லப்பட்ட எண்ணிக்கை பெரிது.

என் நிலைப்பாடு இதுதான். புகைக்கு வரம்பு வேண்டும். அது கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் சொந்தக்காரருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் அந்த வரம்பைக் காக்கப் பூட்டு போதாது. சாலையில் ஓடும்போது புகைக்குழாயில் அளக்க வேண்டும். நிரலைப் படிக்கும் உரிமை எவருக்கும் இருக்க வேண்டும். திருத்தினாயா என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. திருத்தியதால் புகை கூடியதா என்பதே கேள்வி. வாரண்டிக்கும் இதே தருக்கம்தான்: டியூனிங்கால் டர்போ போனது என்றால் கம்பெனி நிரூபிக்கட்டும், நிரூபித்தால் சொந்தக்காரர் செலவை ஏற்கட்டும். ஒரு குறியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவது நிரூபணம் ஆகாது.

இப்படிச் சொல்வதற்குக் காரணம், உண்மை இதுவரை எந்த வழியாக வெளியே வந்திருக்கிறது என்பதுதான். அளந்து பார்த்தவர்களும் திறந்து படித்தவர்களும் கொண்டுவந்ததே அதிகம். அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பொறியாளர் ஜேம்ஸ் லியாங் 2017இல் 40 மாதச் சிறை பெற்றார். தலைவராக இருந்த மார்ட்டின் வின்டர்கோர்ன் மீது அமெரிக்கா 2018இல் குற்றம் சாட்டியும் அங்கே விசாரணைக்கு வரவில்லை. அளந்தவர்களில் ஒருவரான ஹேமந்த் கப்பண்ணா பின்னர் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தார். 2019இல் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. அமெரிக்காவில் தங்க அவருக்கு இருந்த அவகாசம் 60 நாள். வேறு வேலை கிடைக்காமல் பெங்களூருக்குத் திரும்பினார்.