பள்ளி விளையாட்டுக்கான குறைந்த செலவுப் பயிற்சிக் கருவிகள்: தென் சென்னையும் மத்திய சென்னையும்

உடற்கல்வி வகுப்பில் ஒரு திறனைப் பழகுவதற்கென்று, அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பள்ளியே செய்துகொள்ளும் பந்து, தடை, வலை, இலக்கு முதலியவை குறைந்த செலவுப் பயிற்சிக் கருவிகள் எனப்படும். கைவசம் பணம் இல்லாத பள்ளியின் சமாளிப்பு என்றே இவற்றைப் பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. கற்கும் பருவத்தில், யோசித்துச் செய்த மலிவான கருவி போட்டித் தரக் கருவியைவிடப் பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். எளிய கணக்கே இதைக் காட்டும். ஒரு பீரியடில் உடை மாற்றவும் வரிசையில் நிற்கவும் போன நேரம் போக 30 நிமிடம் மிஞ்சுகிறது என்று கொள்வோம். 40 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பந்து இருந்தால், ஒரு பிள்ளையின் பங்கு 45 விநாடி. இருவருக்கு ஒன்றாக 20 துணிப்பந்துகள் இருந்தால், அதே பிள்ளைக்கு 15 நிமிடம் கிடைக்கும். பந்தின் தோல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்த வேறுபாட்டை ஈடுகட்ட முடியாது.

விளையாட்டுகளின் வரலாறும் இதையே சொல்கிறது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியபோது கையில் இருந்தவை ஒரு கால்பந்தும் பீச் பழக் கூடைகளும்தான். 1895இல் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கியபோது, கூடைப்பந்து கனமாக இருந்தது. அதன் உள்ளே இருக்கும் பிளாடரோ மிக மெதுவாகப் பறந்தது. ஆளுக்கும் ஆட்டத்துக்கும் ஏற்ற எடையைத் தேடியதன் விளைவாகவே தனிப் பந்து ஒன்று பிறந்தது. நெய்ஸ்மித்தும் மார்கனும் சார்ந்திருந்த ஒய்.எம்.சி.ஏ. மரபில் வந்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகச் சென்றவரும் அவரே. தியாகராய நகரை ஒட்டி, நந்தனத்தில் இயங்கும் அந்தக் கல்லூரி தலைமுறை தலைமுறையாக உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. இன்னும் நெருங்கிய உதாரணம் தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்தாட்டம். இறகுப்பந்து காற்றில் அலையும், சீக்கிரம் பிய்ந்துபோகும். அதற்குப் பதிலாகச் சுமார் 27 முதல் 30 கிராம் எடையுள்ள மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்ததால், திறந்த வெளியில் மண் தரையில் ஆடத்தக்க ஆட்டம் கிடைத்தது. மட்டமான மாற்று என்று அதை யாரும் சொல்வதில்லை. அதற்கென்று விதிகளும் சங்கங்களும் போட்டிகளும் உள்ளன.

உடற்கல்வி ஆசிரியர்கள் எழுப்பும் முதல் மறுப்பு பழக்கம் பற்றியது. துணிப்பந்தில் பழகிய பிள்ளை மண்டலப் போட்டியில் தோல்பந்தைப் பார்த்ததும் தடுமாறாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உயர்மட்ட விளையாட்டு அமைப்புகளே இதற்கு விடை சொல்லிவிட்டன. 2007இல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, வழக்கமான பந்தைவிடச் சுமார் 75, 50, 25 விழுக்காடு மெதுவாகச் செல்லும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளைச் சிறுவர் பயிற்சிக்கென முன்வைத்தது. 2012 முதல் 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தே கூடாது என விதியும் வந்தது. சிறுவர் கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 3.05 மீட்டரிலிருந்து 2.60 மீட்டராகக் குறைகிறது, பந்தும் சிறியது. பெரியவர்களின் பந்து துள்ளித் தலைக்கு மேல் போனால் பிள்ளை சரியான வீச்சைக் கற்பதில்லை, எட்டிப் பிடிக்கும் கோணலான வீச்சையே கற்கிறது. அளவு பொருந்தாத கருவிதான் தவறான பழக்கத்தை உண்டாக்குகிறது. போட்டிக்குத் தேர்வானவர்களுக்குக் கடைசிச் சில வாரங்கள் தோல்பந்து கொடுத்தால் போதும்.

மலிவு என்பது அளவில் அலட்சியம் ஆகாது. தொடர் ஓட்டத்தின் பேட்டனையே பார்க்கலாம். விதிப்படி அதன் நீளம் 28 முதல் 30 செ.மீ., வெளிவிட்டம் சுமார் 40 மி.மீ., எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. ஹார்டுவேர் கடையில் 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய் கிடைக்கிறது. 3 மீட்டர்க் குழாயை 29 செ.மீ. துண்டுகளாக அறுத்தால் பத்து பேட்டன்கள் தேறும். முனையை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இல்லையேல் வாங்கும் கையைக் கிழித்துவிடும். தடை ஓட்டத்திலோ விதியையே பின்பற்றக் கூடாது. போட்டித் தடையின் எடை 10 கிலோவுக்குக் குறையாது. முதல்முறை தாண்டும் பிள்ளை அதில் முட்டினால் அன்றோடு பயம் பிடித்துக்கொள்ளும். குழாயும் எல்போவும் கொண்டு முழங்கால் உயரத்தில் இரண்டு கால்கள் செய்து, குறுக்குக் குழாயை ஒட்டாமல், பள்ளத்தில் சும்மா வைத்தால் போதும். கால் பட்டதும் அது விழுந்துவிட வேண்டும், பிள்ளை விழக் கூடாது. உயரம் தாண்டப் பழகுவோருக்கு மூங்கிலுக்குப் பதிலாக, பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிக் கட்டலாம். எறிந்து பிடிக்க, தையல் கடைத் துணியில் புளியங்கொட்டை நிரப்பிய கைப்பை நல்லது. அது உருண்டு ஓடாது, கையில் பட்டாலும் வலிக்காது. வலைக்கு மீனவர் குடியிருப்புகளான நொச்சிக்குப்பமும் ஊரூர் ஆல்காட் குப்பமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கழித்துப்போட்ட மீன்வலையை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்லிய நரம்பு வலை விரலை அறுக்கும். தடித்த முறுக்கு நூல் வலையே ஏற்றது.

அடுத்த மறுப்பு பாதுகாப்பு பற்றியது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. புதுப்பேட்டையில் பழைய டயர் எளிதில் கிடைக்கிறது. தாவிப் பழக அதைவிட உறுதியான பொருள் இல்லை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில், வெளியே கிடக்கும் டயரில் தேங்கும் நீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் ஆகிவிடும். டயரைச் சுற்றி நீர் வடியும்படி பல துளைகள் போட வேண்டும், மழைக்காலத்தில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். முடியாவிட்டால் டயரே வேண்டாம். தோட்டக் குழாயை வளைத்துக் கட்டிய வளையம் போதும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. நாளடைவில் நொறுங்கும், உடைந்த முனை கத்தியாகும். ஆகவே நிழலில் வைப்பதும், பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்துக் கழிப்பதும் வடிவமைப்பின் பகுதியே. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட கம்பத்தை நான் ஏற்கமாட்டேன். தலை கனத்தால் சாயும், சாய்ந்தால் சிறு பிள்ளையின் மேல்தான் விழும்.

இடம் இல்லையே என்பது தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் எப்போதும் கேட்கும் முறையீடு. பல பள்ளிகளுக்கு விளையாட்டிடம் என்பது இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் உள்ள சிமென்ட் முற்றம்தான். அங்கே கால்பந்து ஆட முடியாது. ஆனால் நாலு பக்கமும் சுவர் உண்டு. வெவ்வேறு உயரத்தில் வட்டங்களும் கட்டங்களும் வரைந்துவிட்டால் சுவரே ஒரு கருவி. எறிந்த பந்து தானாகத் திரும்பி வரும், பொறுக்கப் போகும் நேரமும் மிச்சம். பந்தின் துள்ளலைக் குறைத்தால் தேவைப்படும் இடமும் குறையும். முற்றத்துக்கு ஏற்பப் பந்தை மாற்றுவது, பந்துக்கேற்ற மைதானம் கிடைக்கும்வரை காத்திருப்பதைவிட மேல். அடையாறு, மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கடற்கரை மணலும் நடக்கும் தொலைவில்தான்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பள்ளியே செய்துகொள்ளட்டும் என்று சொன்னால், அரசு தன் கடமையிலிருந்து நழுவிவிடாதா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, விளையாட்டிடத்தையும் வகுப்புதோறும் தேவையான விளையாட்டுப் பொருள்களையும் பள்ளியின் அடிப்படைத் தகுதிகளாகவே வைத்திருக்கிறது. 2018இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டம், ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000 வரையும், நடுநிலைப் பள்ளிக்கு ரூ.10,000 வரையும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ரூ.25,000 வரையும் விளையாட்டு மானியம் அனுமதிக்கிறது. இந்தப் பணம் பிள்ளைகளின் உரிமை. கையால் செய்த கருவியைக் காட்டி அதைக் குறைக்க எவருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. செய்யக்கூடியதைச் செய்தால், செய்யக் கூடாதவற்றுக்குப் பணம் மிஞ்சும்: தரையில் இறுக்கிய கம்பங்கள், தாண்டி விழும் மெத்தை, தலைக்கவசம், முதலுதவிப் பெட்டி. இவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தலைமை ஆசிரியர்களிடமும் கணக்குப் பார்ப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: குழாய், துணி, தையல் கூலி ஆகியவற்றின் ரசீதுகளையும் விளையாட்டுப் பொருள் செலவாக ஏற்றுக்கொள்ளுங்கள். உடற்கல்வி ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து பிள்ளைகளுக்குப் பந்து தைக்கும்படி விட்டுவிடாதீர்கள்.