பரிசு கேட்ட உயரம்

கலிஃபோர்னியாவின் பாலைவன ஊர்களில் ஒன்று மொஹாவி. அதன் விமானதளம் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க மரைன் படையின் கையில் இருந்தது. பிற்காலத்தில், ஓய்வுபெற்ற ஜெட் விமானங்களை வரிசையாக நிறுத்திவைக்கும் இடமாகவே பெயர் எடுத்தது. அங்கிருந்துதான் 2004 ஜூன் 21 அன்று மைக் மெல்வில் என்ற விமானி ‘ஸ்பேஸ்ஷிப் ஒன்’ கலத்தில் ஏறி, 100 கிலோமீட்டர் எல்லையைச் சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில் தாண்டினார். அரசுப் பணம் இல்லாமல் கட்டிய கலத்தில் ஒரு மனிதர் விண்வெளியைத் தொட்டது அதுவே முதல் முறை. அன்றிலிருந்து இது தனியார் முயற்சியின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. அந்த வெற்றி உண்மையானதுதான். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் விண்வெளிச் சுற்றுலா பட்ட பாட்டுக்கும் விதை அந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. ஒரு போட்டியின் விதிகளுக்குப் பொருத்தமாகப் பிறந்த இயந்திரத்தை அப்படியே பெரிதாக்கி ஒரு தொழிலைக் கட்டிவிடலாம் என்று நம்பியதுதான் பிழை.

போட்டி 1996இல் செயின்ட் லூயிஸ் நகரில் அறிவிக்கப்பட்டது. பீட்டர் டயமாண்டிஸ் தொடங்கிய அந்த எக்ஸ் பரிசின் தொகை ஒரு கோடி டாலர். 2004இல் அன்சாரி குடும்பத்தின் பெயர் அதனோடு சேர்ந்தது. மூவர் அமரக்கூடிய கலம் வேண்டும். விமானியோடு, மற்ற இருவருக்கு ஈடான எடையையாவது சுமந்து 100 கி.மீ. உயரம் போக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அதே கலம் மறுபடி பறக்க வேண்டும். அரசு நிதி கூடாது. பரிசுத் தொகைக்கே ஒரு காப்பீடு எடுத்திருந்தார்கள் என்பது இதில் சுவையான செய்தி. 2004 முடிவதற்குள் யாரும் ஜெயிக்க மாட்டார்கள் என்பது காப்பீட்டுக்காரரின் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர் மொஹாவியில் பட்டறை வைத்திருந்த விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன். பணம் போட்டவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன். ஒரு கோடி டாலர் பரிசுக்காக அவர் இரண்டு கோடிக்கு மேல் செலவழித்தார்.

ரூட்டனின் வடிவமைப்பு அழகானது. ஒரு தாய் விமானம் கலத்தைச் சுமார் 14 கி.மீ. உயரத்துக்குத் தூக்கிப் போய் விடுவிக்கும். ரப்பர் எரிபொருளும் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்ந்த ஹைப்ரிட் எஞ்சின் ஒரு நிமிடத்துக்கு மேல் எரிந்து, ஒலியைப் போல மூன்று மடங்கு வேகம் தரும். உச்சியில் இறக்கையின் பின்பாதி மேல்நோக்கி மடியும். கலம் இறகுப்பந்து போலத் தானாகவே நிலைப்பட்டு இறங்கும். இதில் எல்லாமே புதிது என்று சொல்ல முடியாது. பக்கத்திலிருக்கும் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பி-52 குண்டுவீச்சு விமானம் எக்ஸ்-15 விமானங்களை வானில் விடுவித்துப் பறக்கவிட்டதும், 1963இல் ஜோ வாக்கர் அப்படியே 108 கி.மீ. வரை போனதும் அரசுப் பணத்தில் நடந்தவை. 2004 செப்டம்பர் 29 அன்று மெல்வில் மறுபடி போனார்; ஏறும்போதே கலம் பலமுறை உருண்டது. அக்டோபர் 4 அன்று பிரையன் பின்னி 112 கி.மீ. தொட்டு வாக்கரின் சாதனையை முறியடித்தார். பரிசு கைக்கு வந்தது. கலம் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

பரிசு முடிவாவதற்கு முன்பே, அந்த செப்டம்பரில், ரிச்சர்ட் பிரான்சன் தொழில்நுட்ப உரிமம் வாங்கி வர்ஜின் கேலக்டிக் என்ற விண்வெளிச் சுற்றுலா நிறுவனத்தை அறிவித்துவிட்டார். 2007 வாக்கில் பயணிகள் போவார்கள் என்பது பேச்சு. நடந்தது வேறு. 2007 ஜூலை 26 அன்று, எஞ்சினைப் பற்றவைக்காமலே நைட்ரஸ் ஆக்சைடை மட்டும் பாய்ச்சிப் பார்த்த சோதனை வெடித்து மொஹாவியில் மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். சிறிய அளவில் சொன்னபடி கேட்கும் ஹைப்ரிட் எஞ்சின், இரண்டு விமானிகளும் ஆறு பயணிகளும் ஏறும் அளவுக்குப் பெரிதானபோது சீராக எரிய மறுத்தது. ரப்பரை விட்டு நைலான் வகைக்குப் போனார்கள். பிறகு ரப்பருக்கே திரும்பினார்கள். நைலான் எரிபொருளோடு போன முதல் பயணத்திலேயே, 2014 அக்டோபர் 31 அன்று, கலம் வானில் சிதறித் துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார். எரிபொருள் அதற்குக் காரணமல்ல. மடிப்பு இறக்கையின் பூட்டை அவர் உரிய வேகம் வருமுன்பே திறந்துவிட்டார். ஒரு மனிதரின் ஒற்றைத் தவறு கலத்தையே அழிக்கும் வாய்ப்பை வடிவமைத்தவர்கள் கருதிப் பார்க்கவில்லை என்று விசாரணை வாரியம் சொன்னது. 2004இன் அழகான உத்தி 2014இல் உயிர் வாங்கியது.

புதிய தொழிலில் உயிர்ச்சேதம் இயல்புதானே, 1919இல் ரேமண்ட் ஆர்ட்டெய்க் அறிவித்த 25,000 டாலர் பரிசுக்காக அட்லான்டிக்கைத் தாண்ட முயன்று ஆறு பேர் இறந்தும், 1927இல் லிண்ட்பெர்க் வென்றபின் விமானத் தொழில் செழிக்கவில்லையா என்று கேட்கலாம். எக்ஸ் பரிசே அந்த முன்மாதிரியில் உருவானதுதான். ஆனால் லிண்ட்பெர்க் போய்ச் சேர்ந்தது பாரிஸ். அங்கே போக ஆயிரம் பேருக்கு ஆயிரம் காரணம் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்க அரசு தபால் சுமக்கும் வேலையைத் தனியார் விமானங்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. லிண்ட்பெர்க்கே தபால் விமானிதான். மொஹாவியில் ஏறியவரோ மொஹாவியிலேயே இறங்கினார். சுமக்கத் தபால் இல்லை, போய்ச் சேர ஊரும் இல்லை.

ஸ்பேஸ்எக்ஸைக் காட்டி மறுப்போரும் உண்டு. அது வேறு மரபு. பூமியைச் சுற்றிவர நொடிக்கு சுமார் 7.8 கி.மீ. வேகம் வேண்டும். அதற்கான ஆற்றல், 100 கி.மீ. ஏறி இறங்குவதற்கு ஆகும் ஆற்றலைப் போல முப்பது மடங்குக்கு மேல். ஸ்பேஸ்ஷிப் ஒன்னை எவ்வளவு செப்பனிட்டாலும் அங்கே போக முடியாது. தவிர, ஸ்பேஸ்எக்ஸை நிமிர்த்தியது பரிசு அல்ல. சரக்கு அனுப்ப வேண்டியிருந்த நாசா 2008 டிசம்பரில் தந்த 160 கோடி டாலர் ஒப்பந்தம்.

இவற்றைவிட வலுவான மறுப்பு ப்ளூ ஆரிஜின். ஏறி இறங்கும் சுற்றுலாவை அந்த நிறுவனம் நடத்திக்காட்டியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எப்படி? 2000இல் தொடங்கி, பரிசுப் போட்டியின் பக்கமே போகாமல், ஜெஃப் பெசோஸின் பணத்தில் அவசரமின்றி வேலை செய்தது. அதன் நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டுக்கு விமானி தேவையில்லை. ஆளே இல்லாமல் 15 முறை பறந்தபிறகுதான் 2021 ஜூலை 20 அன்று மனிதர் ஏறினார்கள். 2022 செப்டம்பரில் ராக்கெட் கெட்டபோது கலத்தில் ஆள் இல்லை. தப்பிக்கும் அமைப்பு கலத்தையும் காப்பாற்றியது. மொஹாவியின் கலங்களிலோ ஒவ்வொரு சோதனைப் பறப்பும் விமானியின் உயிரைப் பணயம் வைத்தது. பரிசு இருமுறை பறக்கச் சொன்னது. ஆளில்லாமல் ஐம்பது முறை பறந்து காட்டச் சொல்லியிருந்தால் ரூட்டனே வேறொரு கலத்தை வரைந்திருப்பார்.

வர்ஜின் கேலக்டிக் பின்னர் மொஹாவியை விட்டு, மக்களின் வரிப் பணத்தில் நியூ மெக்சிகோ கட்டிய விண்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. தொடக்கத்தில் 2,00,000 டாலராக இருந்த பயணச்சீட்டு 2021இல் 4,50,000 ஆயிற்று. சுற்றுலாப் பயணிகள் முதன்முதலாகப் போனது 2023 ஆகஸ்டில். அவர்களைச் சுமந்த ‘யூனிட்டி’ கலம் 2024 ஜூன் 8 அன்று கடைசியாகப் பறந்தது. அமெரிக்கா விண்வெளி வீரர் பட்டத்துக்கு வைத்திருக்கும் 80 கி.மீ. கணக்கை அது எட்டியது, 100 கி.மீ.யை ஒருமுறைகூடத் தொடவில்லை. பரிசு வென்ற கலத்தின் வாரிசு அந்தப் பரிசுக்கே தகுதி பெற்றிருக்காது.