மாடர்ன் தியேட்டர்ஸ், சேலம்

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையோரம் இயங்கிய திரைப்பட நிறுவனம். திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் (டி. ஆர். சுந்தரம், 1907–1963) 1935-இல் இதைத் தொடங்கினார். தமிழ், மலையாளம் உள்ளிட்ட மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. நாடக மேடையில் வளர்ந்தவர்களைத் திரைக்குப் பழக்கிய பட்டறை என்பது இதன் முதன்மைச் சிறப்பு.

தோற்றம்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய சுந்தரம், ஏஞ்சல் பிலிம்ஸின் பங்குதாரராகச் சினிமாவுக்குள் வந்தார். அக்காலத்தில் தமிழ்ப் படம் எடுக்க நடிகர்களையும் பாட்டு வாத்தியார்களையும் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ அழைத்துப் போக வேண்டியிருந்தது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே சேலத்தில் சொந்த ஸ்டூடியோ எழும்பியது. முதல் படம் ‘சதி அகல்யா’ 1937-இல் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) இங்கே உருவானதே.

ஆலை நடத்துவதுபோல் நேரம் தவறாமல் ஸ்டூடியோவை நடத்தினார் சுந்தரம். கலைஞர்கள் பலர் மாதச் சம்பளத்தில் இருந்தனர். அனைவருக்கும் அவர் ‘முதலாளி’.

மேடையும் திரையும்

சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்களுக்குக் குரல்தான் மூலதனம். வளரும் பருவத்தில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பாட்டும் போகும், வேடமும் போகும். புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா அந்தச் சோதனையைக் கடந்தவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாக (கதாநாயக வேடத்தில்) பெயர் எடுத்தவர், குரல் உடைந்த பிறகு மேடையை விட்டு விலகிச் சிலம்பமும் உடற்பயிற்சியும் கற்றார். ‘சந்திரகாந்தா’வில் (1936) திரைக்கு வந்தபின்னும் பெரிய இடம் உடனே அமையவில்லை. 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தமபுத்திரன்’ அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. தமிழில் ஒரே நடிகர் இரட்டை வேடம் பூண்ட முதல் படம் அது. பின்னர், பெ. சுந்தரம் பிள்ளை படிப்பதற்காக எழுதிய கவிதை நாடகமான ‘மனோன்மணீயம்’, சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடிக்க ‘மனோன்மணி’யாக (1942) பெரும் பொருட்செலவில் படமானது.

பாட்டுக்கு இருந்த இடத்தை 1950-இல் வசனம் பிடித்தது. குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய நாடகம், ‘மந்திரிகுமாரி’ என்ற பெயரில் படமாயிற்று. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கினர். கதாநாயகன் எம். ஜி. ராமச்சந்திரனும் சிறுவயதில் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர். மேடையில் கைதட்டல் வாங்கிய அடுக்குமொழி இந்தப் படத்தின் வெற்றியால் திரையில் நிலைபெற்றது. அதே ஆண்டு ‘திகம்பர சாமியார்’ படத்தில் பல மாறுவேடங்களில் தோன்றி எம். என். நம்பியார் புகழ்பெற்றார், அவரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்.

நாடகக் கம்பெனி நடிகைகளின் வழி இன்னும் கடினம். மேடையிலிருந்து வந்து நகைச்சுவை வேடங்களிலேயே தோன்றிக்கொண்டிருந்த மனோரமாவை ‘கொஞ்சும் குமரி’யில் (1963) கதாநாயகியாக்கியது இந்நிறுவனம். உடன் நடித்த ஆர். எஸ். மனோகர், திரையில் பெயர் பெற்ற பிறகும் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற நாடகங்களைத் தம் சொந்தக் குழுவைக் கொண்டு நடத்தியவர்.

வண்ணப் படங்கள்

தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) இரண்டும் இந்நிறுவனத் தயாரிப்புகள். அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பான ‘தி ஜங்கிள்’ (1952) என்ற ஆங்கிலப் படத்திலும் இதற்குப் பங்குண்டு.

பிற்காலம்

1963-இல் சுந்தரம் மறைந்தார். மகன் ராமசுந்தரம் ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) முதலிய துப்பறியும் படங்களால் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். ஆனால் நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் சென்னையில் குவிந்துவிட்டதால், சேலத்தில் ஸ்டூடியோ நடத்துவது கட்டுப்படியாகாமல் போனது. படப்பிடிப்புகள் நின்றன, அந்த நிலம் குடியிருப்பாக மாறியது. ஏற்காடு சாலையில் நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் இன்றும் உள்ளது.