விண்வெளி ஆராய்ச்சியும் தனியார் கொம்பனிகளும்

விண்வெளி ஆராய்ச்சி என்றவுடன் வல்லரசுகளின் போட்டியே நம் நினைவிற்கு வருகின்றது. தனியார் கொம்பனிகள் அத்துறையிற் புகுந்தமை இந்நூற்றாண்டின் புதுமை என்று கருதுவாரும் உளர். வரலாற்றினை நோக்குமிடத்து அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். கொம்பனிகள் தொடக்கந்தொட்டே அத்துறையில் இருந்துள்ளன. மாறியது அவற்றிற்கும் அரசிற்கும் இடையேயுள்ள உறவே.

1969ஆம் ஆண்டில் மனிதர் சந்திரனில் இறங்கிய கலத்தை ஆக்கியது கிரம்மன் என்னும் தனியார் கொம்பனியே. ஆயினும் பொருளும் கட்டளையும் அரசினுடையன. கொம்பனி ஒப்பந்தக்காரராக மாத்திரமே நின்றது.

இதற்கு முன்னரே, தன் சொந்த முயற்சியாற் செய்மதி அமைத்த கொம்பனியும் உண்டு. அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கொம்பனியின் 'டெல்ஸ்டார்' 1962 யூலை 10ஆம் நாள் ஏவப்பட்டு, அத்திலாந்திக் சமுத்திரத்திற்கு அப்பால் தொலைக்காட்சிப் படங்களை அனுப்பியது. அதனை ஏவியதோ அரசின் நாசா நிறுவனம். அதற்குரிய செலவைக் கொம்பனி செலுத்தியது. ஏவுதற்கு முந்திய நாள் அதே அரசு பசிபிக் சமுத்திரத்தின்மேல் உயர்வெளியில் அணுகுண்டொன்றை வெடித்துப் பரிசோதித்தது. அதனால் எழுந்த கதிர்வீச்சுச் செய்மதியின் கருவிகளைப் பழுதாக்க, 1963 பெப்ரவரியில் அது செயலிழந்தது. அரசின் உதவியால் எழுந்த தனியார் முயற்சி அரசின் செயலாலேயே நலிந்தமை சிந்திக்கத்தக்கது.

2002இல் தோன்றிய 'ஸ்பேஸ் எக்ஸ்' கொம்பனியின் முதல் மூன்று ஏவல்களும் தோல்வியுற்றன. 2008 செப்டெம்பரில் நான்காவது வெற்றி பெற்றது. அவ்வாண்டு டிசெம்பரில், 12 பயணங்களில் விண்வெளி நிலையத்திற்குப் பொருள்களைக் கொண்டுசெல்ல, 160 கோடி டொலருக்கு நாசா அக்கொம்பனியோடு உடன்படிக்கை செய்தது. முன்னர்க் கலத்தையே ஆக்குவித்து உடைமையாக்கிய அரசு, இப்போது கூலி பேசிப் பயணத்தை மாத்திரம் வாங்கியது. 2020 மே மாதத்தில் மனிதரும் அக்கொம்பனியின் கலத்திலேயே அந்நிலையத்தை அடைந்தனர்.

எனினும், 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை தனியார் செயலுக்கும் அவரவர் நாட்டரசையே பொறுப்பாக்குகின்றது. அனுமதி வழங்கலும் இடையறாத மேற்பார்வையும் அரசின் கடன் என்கின்றது. 1972இன் உடன்படிக்கை நட்டஈட்டையும் ஏவும் நாட்டின்மீதே சுமத்துகின்றது. இலாபம் பங்காளரைச் சேர, பழியும் இழப்பும் குடிமக்களைச் சேருமாயின், அக்குடிமக்கள் கணக்குக் கேட்டல் முறையேயாகும். முயற்சிக்கு இடமளித்தலும் அதனைக் கண்காணித்தலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம்.