இதய அறுவைக்குப் பின் சிறுநீரகப் பாதிப்பு: குருதிக் குறிப்பான்கள் கடந்து வந்த பாதை

முன்னுரை

1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு ஓர் இளம்பெண்ணின் இதயத் துளையை வெற்றிகரமாக அடைத்தார். திறந்த இதய அறுவைக்கு வழிவகுத்த அதே இயந்திரம் சிறுநீரகத்துக்குச் சோதனையாகவும் அமைந்தது. இயந்திரத்தில் சுழலும்போது சிவப்பணுக்கள் சிதைகின்றன, அழற்சி கிளம்புகிறது, இயல்பிலேயே ஆக்சிஜன் குறைவாக உள்ள சிறுநீரக உட்பகுதி மேலும் தவிக்கிறது. இப்பாதிப்பை மருத்துவர்கள் குருதியில் எவ்வாறு தேடினர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சிகிச்சையை மாற்றும்போதே ஒரு குறிப்பான் பயனுடையதாகிறது என்பது இதன் கருதுகோள்.

கிரியாட்டினின் காலம்

1886-இல் மாக்ஸ் யாஃபே, தசைகளில் உருவாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவான கிரியாட்டினின், காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்தோடு சேரும்போது நிறம் மாறுவதைக் கண்டார். ஓட்டோ ஃபோலின் பின்னர் அதை அளவீட்டு முறையாக்கினார். 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இதய அறுவை செய்துகொண்ட 42,773 பேரை ஆராய்ந்தது. டயாலிசிஸ் தேவைப்பட்டோரில் 63.7 விழுக்காட்டினர் இறந்தனர், ஏனையோரில் 4.3 விழுக்காட்டினரே. கிரியாட்டினினின் சிறு ஏற்றமும் அபாயமே என்பதை 2004-இல் வியன்னா ஆய்வு 4,118 பேரிடம் காட்டியது. 2012-இன் பன்னாட்டு வழிகாட்டுதல், 48 மணி நேரத்துக்குள் அது டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலே பாதிப்பு என வரையறுத்தது.

எனினும் கிரியாட்டினின் உயர ஓரிரு நாளாகிறது. அறுவையின்போது ஏற்றப்படும் திரவங்கள் அதன் செறிவைக் குறைத்து, பாதிப்பை மறைத்துவிடுகின்றன.

புரதங்களின் வருகை

1980-களில் ஸ்வீடனின் லுண்ட் ஆய்வாளர்கள், தசைப் பருமனை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி புரதத்தை முன்வைத்தனர். அதுவும் வடிகட்டும் திறனையே அளந்தது. திசுக் காயத்தை அளக்கவில்லை. காயத்தையே காட்டும் என்ஜிஏஎல் புரதத்தைச் சின்சினாட்டி ஆய்வாளர்கள் 2005-இல் 71 குழந்தைகளிடம் அளந்தனர். இரண்டே மணி நேரத்தில் குருதியிலும் சிறுநீரிலும் அது உயர்ந்திருந்தது.

பெரியவர்களிடம் அத்தெளிவு கிட்டவில்லை. 2011-இல் 1,219 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் அதன் கணிப்புத் திறன் நடுத்தரமாகவே இருந்தது. நாள்பட்ட சிறுநீரக நோயும் தொற்றும்கூட அப்புரதத்தை உயர்த்தக்கூடியவை. குழந்தைகளிடம் அத்தகைய சிக்கல்கள் குறைவு.

குறிப்பானிலிருந்து சிகிச்சைக்கு

குறிப்பானைப் பின்பற்றிச் செய்யும் சிகிச்சை பாதிப்பைக் குறைக்குமா என்ற அடுத்த கேள்வியை 2017-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஆய்வு எழுப்பியது. சிறுநீர்க் குறிப்பான்களால் அபாயம் மிக்கோரென அறியப்பட்ட 276 பேரில் ஒரு பிரிவினருக்கு இரத்த ஓட்டத்தைக் கவனித்துச் சீர்செய்தல், சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்த்தல், சர்க்கரையைக் கட்டுப்படுத்தல் ஆகியவை முறையாகச் செய்யப்பட்டன. மற்றப் பிரிவினரில் 71.7 விழுக்காட்டினருக்கு ஏற்பட்ட பாதிப்பு, இவர்களில் 55.1 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. டயாலிசிஸ் தேவையிலும் இறப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

முடிவுரை

புதிய குறிப்பான்கள் இன்றும் பெரும்பாலும் கிரியாட்டினினை உரைகல்லாக வைத்தே மதிப்பிடப்படுகின்றன. தாமதமாகப் பேசும் சாட்சியைக் கொண்டு முந்திப் பேசும் சாட்சியை எடைபோடுவது முறையாகாது. கிரியாட்டினின் உயராமல் என்ஜிஏஎல் மட்டும் உயர்ந்தோருக்கும் டயாலிசிஸ் அபாயம் கூடுதல் எனப் பல ஆய்வுகளின் தொகுப்பு 2011-இலேயே காட்டியது. ஆகவே இனிவரும் ஆய்வுகள் கணிப்பின் துல்லியத்தோடு நில்லாமல், அக்கணிப்பைத் தொடர்ந்து செய்த சிகிச்சையால் எத்தனை சிறுநீரகங்கள் காக்கப்பட்டன என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.