குண்டு விழுந்த எல்லை

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேச்சு. சுட்டார்கள், எல்லை முடிந்தது. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஊர்க்காரனை யாரும் கேட்கவில்லை.

மருத்துவ ஆய்வுகளில் 'இனம்' என்ற சொல்லைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் குண்டுதான் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தின் 2008–2010 கணக்கை வைத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. வாழ்நாளில் புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்படும் வாய்ப்பு கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு, வெள்ளையரில் 8 பேரில் ஒருவருக்கு, ஆசியரில் 13 பேரில் ஒருவருக்கு. கண்டறியப்பட்டவர்களில் அந்நோயால் சாகிறவர்களோ எல்லாப் பிரிவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எண்களோடு எனக்குச் சண்டையில்லை. அவற்றின் பின்னால் ஓடுகிற கதையாடலோடுதான்: கறுப்பர் டாக்டரை நம்பமாட்டார், ஆசியர் கூச்சப்படுவார், அதனால் சோதனைக்கு வருவதில்லை. பழி முழுக்கப் பண்பாட்டின் தலையில்.

நம்பாமை எங்கேயிருந்து வந்தது? அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. அதுக்குப் பேரு ஆய்வு! 1897இல் பூனாவில் பிளேக் சோதனை என்று சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள். அந்த ஆத்திரத்தில் ராண்ட் என்ற அதிகாரி சுடப்பட்டார். இவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு 'மனோபாவம்' என்று பெயர் வைக்கிறார்கள்.

கூச்சத்துக்கு வருவோம். ஆசனவாயில் விரல்விட்டுப் பார்க்கும் சோதனைக்குக் கூசாத ஆண் எந்த இனத்தில் இருக்கிறான்? அது ஆண்மை குறித்த பயம், வெள்ளைக்காரனுக்கும் உண்டு. 'ஆசியர்' என்ற கட்டத்துக்குள் பட்டினவர் வீட்டுப் பிள்ளையும் குஜராத்திக் கடைக்காரரும் ஒன்றாகிவிடுகிறார்கள். சாதிக்கு அங்கே கட்டமே கிடையாது.

நம்ம பக்கம் 'நீர் சரியாப் பிரியல' என்றால் "சூடுப்பா, மோர் குடி" என்பார்கள். இதை அறியாமை என்று எழுதிவிட நான் தயாரில்லை. 2016இல் வந்த இந்திய அரசின் வழிகாட்டுதல் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கே பொதுச் சோதனை என்கிறது. புராஸ்டேட் அதில் இல்லை. வைக்காத சோதனை மீது என்ன மனோபாவம்? பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனையே தகராறில் இருக்கிறது. ஆளைக் கொல்லாத கட்டியையும் அது காட்டிக்கொடுக்கும். பிறகு சிகிச்சை, சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மையையும் கொண்டுபோகலாம். 2012இல் வேண்டாம் என்ற அமெரிக்க நிபுணர் குழு, 2018இல் 55–69 வயதினர் டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம் என்று மாறியது.

நீர் அடைத்தாலோ இரத்தம் கலந்து வந்தாலோ போய்ப் பார்ப்பது வேறு, அது வைத்தியம். அதற்காகக் கடலூர் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறவருக்கு அன்றைக்குக் கடல் இல்லை, பங்குக் காசும் இல்லை.