காந்திபுரத்தில் கை மாறிய கருப்பு

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நடைபாதையில் பழைய புத்தகம் விரித்திருந்தவரிடம் முப்பது ரூபாய்க்கு வாங்கினேன். முன்னட்டை போய், அந்த இடத்தில் காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பிரித்தால் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’. முதல் பக்கத்தில் ஊதா ரப்பர் ஸ்டாம்பு. வாடகை நூலகத்தின் பெயர் அழிந்துவிட்டது. ‘கோவை-12’ மட்டும் மிச்சம். காந்திபுரத்துக்கான தபால் எண் அது. ஆக, எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தது புத்தகம்.

கடைசி அட்டையின் உள்பக்கம் தேதிச் சீட்டு. 97, 98 என்று கண்ணுக்குத் தெரிகிற வருஷங்களில் வாரத்துக்கு ஒரு தேதி, சில இடங்களில் மூன்று நாளைக்கு ஒன்று. அப்புறம் திடீரென்று இடைவெளி. காரணத்துக்கு எங்கும் போகவேண்டாம். இந்த நாவல்தான் அப்போது சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ தொடராக வந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். வாரம் ஒரு முறைதான் வரும். அடுத்த வாரம் வரை பொறுக்கமாட்டாதவர்கள் வாடகை நூலகத்துக்கு ஓடியிருக்கிறார்கள். என் பிரதியில் அதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு: முதல் நூறு பக்கங்களை விடக் கடைசி இருபது பக்கங்களில்தான் கைஅழுக்கு அதிகம். கதை படிக்க எடுத்த கை அல்ல, ‘யார் அந்தக் கருப்பு?’ என்று பார்க்க எடுத்த கை. (நான் சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.)

டிவிக்குப் போனபோது தலைப்பு மாறியதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ‘விட்டுவிடு கருப்பா’ என்பது காலில் விழுந்தவன் குரல். ‘விடாது கருப்பு’ என்பது அவனுக்குக் கிடைத்த பதில். கெஞ்சல் போய்த் தீர்ப்பு வந்துவிட்டது. அந்தத் தீர்ப்புதான் ஜனங்கள் வாயில் நின்றது. கடன்காரர் மூன்றாவது தடவை போன் அடித்தாலும் இன்றைக்கு ‘விடாது கருப்பு’தான். புத்தகத்தின் பெயரைச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கிறார்கள்.

பென்சில் குறிப்புகளுக்கு வருகிறேன். இந்தப் பிரதியை நான் வைத்துக்கொண்டதே அதற்காகத்தான். மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. முதலாவது, பாத்திரங்கள் வருகிற இடத்தில் நடிகர் பெயரை எழுதி வைத்தது. ஓர் ஆண் பெயருக்கு மேலே ‘சேத்தன்’, ஒரு பெண் பெயருக்கு மேலே ‘தேவதர்ஷினி’. (அந்தத் தொடரில் சந்தித்த இருவரும் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார்கள், குறிப்பு எழுதியவருக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.) நாவலாசிரியர் அரைப் பக்கம் வர்ணித்தாலும் இந்த வாசகருக்குத் தெரிந்தது டிவியில் பார்த்த முகம்தான். சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’ தூரதர்ஷனில் வந்ததிலிருந்து தியாகு என்றால் ரகுவரன் என்றாகிவிட்டதே, அதே கதை.

இரண்டாவது கையெழுத்து சண்டைக்காரர். ஓரத்தில் ‘டிவில இது வரவேயில்லீங்’, ‘இதெ எதுக்கு உட்டாங்க?’ என்று ஒவ்வொரு இடமாக மல்லுக்கட்டுகிறார். ஆனால் ஒரு பக்கத்தில், சாமி தப்பு செய்தவனைத் தண்டிக்கிற இடத்தில், வேறு ஒன்றை எழுதியிருக்கிறார்: ‘எங்கூர்ல கருப்பராயன்.’

அந்த ஒரு வரியில் தொடர் கொங்குநாட்டுக்குள் வந்துவிட்டது. தெற்கே கருப்பசாமி, இங்கே கருப்பராயன். எல்லைக் காவல், கிடாவெட்டு, மண்குதிரை எல்லாம் உண்டு. சாமி நேரில் வந்து நியாயம் கேட்கும் என்பதும் கோவைக்காரர்களுக்கு டிவி சொல்லித் தெரியவேண்டியதில்லை. திருட்டுக் கொடுத்தவர்கள் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ‘கொலை செய்வது சாமியா, மனுஷனா?’ என்று ஒரு தொடர் வாராவாரம் கேட்டால் அது பொழுதுபோக்காக மட்டும் இருக்காது. மறுநாள் டீக்கடையில் இரண்டு கட்சி உண்டு. மனுஷன்தான் என்று சொல்கிறவர்கூட சாயங்காலம் கருப்பராயன் கோயிலைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு இறங்கித்தான் போனார்.

மூன்றாவது கையெழுத்து ஒரே சொல்: ‘மெதுவா.’ ஏன் எழுதினார் என்று ரொம்ப நாள் புரியவில்லை. சத்தியமங்கலம் பஸ்ஸில் படித்தபோது புரிந்தது. கணபதி தாண்டும்போது பிரித்தேன்; அன்னூரில் பாதி, புளியம்பட்டி வருவதற்குள் முடித்தாயிற்று. மாசக்கணக்கில் ஊரை ஆட்டிவைத்த பயம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. மூலக்கதைதான் எப்போதும் உசத்தி என்று புத்தகக்காரர்களான நாங்கள் சொல்வது வழக்கம். இந்த விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பயத்தை வளர்த்தது நடுவில் கிடந்த ஆறு நாள்தான். கரண்ட் போய் ஒரு வாரம் தவறவிட்டவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கதை கேட்டார். அவர் சொன்னதில் பாதி அவரே சேர்த்தது. அச்சில் இருக்கும் கதைக்கு அந்த வசதி இல்லை.

இப்போது ஆறு நாள் காத்திருப்பதும் இல்லை. தொடர் யூடியூபில் கிடக்கிறது. ராத்திரி உட்கார்ந்தால் விடிவதற்குள் கணிசமாகப் பார்த்துவிடலாம். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானபோது நண்பர்கள் பலரும் பகிர்ந்தது நாவலின் அட்டையை அல்ல, தொடரின் காட்சிகளை. அவர் எழுதியவை எத்தனையோ இருக்க, இந்த ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. அவருக்கு அது சந்தோஷமாக இருந்திருக்குமா, வருத்தமாக இருந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டேன்.

அந்த வாரமே சத்தியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொடர் வந்த காலத்தில் ஒரு வாரம் விடாமல் பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு நாள் படித்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“கதையெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அந்தக் குதிரைச் சத்தம் இதுல எங்க வருது?”

புத்தகத்தைத் திருப்பிக் கேட்டபோது கைவிரித்துவிட்டார். பக்கத்து வீட்டில் கேட்டார்களாம், கொடுத்துவிட்டாராம்.